பிளாக் ஐபிஏ வாங்கினால் விலை ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதோடு கடந்து போய்விடலாம். கறுப்பு பீர் என்றால் பழசாகப் பழசாக ருசி கூடும் என்று நம்புகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். நானும் அப்படி நம்பிய ஆள்தான். அந்த நம்பிக்கைக்கு 48 டாலர் 20 சென்ட் தண்டம் கட்டியிருக்கிறேன்.

நான் இருப்பது ஓரிகனில், போர்ட்லண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில். சிப் கம்பெனி வேலை. பதினொரு வருஷம் இங்கே இருந்துகொண்டு பீர் தெரியாது என்று சொன்னால், திருநெல்வேலியில் குடியிருந்துகொண்டு அல்வா தெரியாது என்கிற கதைதான். ஊரிலிருந்து தெற்கே காரில் போனால் வில்லமெட் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் தோட்டங்கள் வரும். பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற பூக்கொடி அது. பதினெட்டு அடி உயரத்துக்குக் கம்பம் நட்டு, கயிறு கட்டி, கொடியை ஏற்றிவிட்டிருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது நம்மூர் வெற்றிலைக் கொடிக்கால்தான் ஞாபகம் வந்தது. உலகம் முழுக்கச் சின்ன அளவில் காய்ச்சும் கிராஃப்ட் பீர்காரர்கள் போடும் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் இந்த ஓரிகன் ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்து 1972-ல் வெளிவந்தது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் ஏமாந்தேன்.

2025 பிப்ரவரி. மச்சினன் முதல் தடவையாக சென்னையிலிருந்து வந்திருந்தான். ஊர் ஸ்ட்ராங் பீரைத் தவிர வேறு அறியாதவன். "அத்தான், இந்த ஊருக்குன்னு ஏதாவது இருக்குமே, அதைக் காட்டுங்க" என்றான். காபிப் பைத்தியம் வேறு, டிகாக்‌ஷன் கறுப்பாக இருந்தால்தான் தொடுவான். இவனுக்கு பிளாக் ஐபிஏதான் சரி என்று முடிவு செய்தேன்.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு: பெயரே கொஞ்சம் கோளாறு. ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட ஒரு பீர் வகை. 'பேல்' என்றால் வெளிறியது. முன்னால் 'பிளாக்' போட்டால் கறுத்த வெளுப்பு. வெர்மான்ட் மாநிலம் பர்லிங்டனில் கிரெக் நூனன் என்ற பீர் காய்ச்சுபவர் 1990-களின் தொடக்கத்தில் இப்படி ஒன்றைக் காய்ச்சினார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதை ஒத்துக்கொள்ள மனசு வராது. இது பசிபிக் வடமேற்கின் சொத்து என்று சொல்லி 'கேஸ்கேடியன் டார்க் ஏல்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெயர்ச் சண்டை கிடக்கட்டும். பார்க்க ஸ்டௌட் என்கிற அடர்ந்த பீர் மாதிரி கறுப்பு. மூக்கில் வைத்தால் ஐபிஏ. வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) காந்தல் கசப்பும் ஹாப்ஸின் கசப்பும் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்குத் தோல் நீக்கி வறுத்த மால்ட்டைப் போடுவார்கள். தோலில்தான் அந்த வறட்டுக் கசப்பு இருக்கும். ஜெர்மனியின் பாம்பெர்க் ஊரில் தயாராகும் காரஃபா ஸ்பெஷல் என்கிற மால்ட் இதற்கென்றே பேர்போனது. தோல் உளுந்துக்கும் வெள்ளை உளுந்துக்கும் உள்ள வித்தியாசம்தான், வேறொன்றுமில்லை.

இப்போது எல்லாரும் கலங்கலான ஹேஸி ஐபிஏ பக்கம் சாய்ந்துவிட்டதால் பிளாக் ஐபிஏ கடைகளில் எப்போதாவதுதான் கண்ணில் படும். அந்தத் தட்டுப்பாட்டைத்தான் கடைக்காரர் காசாக்கினார்.

கடை பெயரைச் சொல்லப்போவதில்லை. நூற்றுக்கணக்கான பாட்டில்கள் அடுக்கிய, பார்க்க லட்சணமான பாட்டில் கடை. குளிர்பெட்டியில் இல்லாமல், ஜன்னலை ஒட்டிய மரத் தட்டில் தனியாக ஏழெட்டு பிளாக் ஐபிஏ பாட்டில் நின்றது. 650 மில்லி பெரிய பாட்டில். கையால் எழுதிய அட்டை: 'செல்லர் ரிசர்வ்', அதாவது நிலவறையில் வைத்த சிறப்புச் சரக்கு. விலை 24 டாலர். அதைக் காய்ச்சிய மதுவாலையின் மற்ற பாட்டில்கள் குளிர்பெட்டியில் எட்டு, ஒன்பது டாலருக்கு இருந்தன. லேபிளில் ஜன்னல் பக்கம் இருந்த பாதி மட்டும் சாயம் போய், நீலம் சாம்பலாகியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஆகா, பழைய சரக்கின் லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன். என்னை என்ன சொல்வது.

கவுண்டரில் இருந்தவர் நல்ல பேச்சுக்காரர். போன இலையுதிர்காலத்துச் சரக்கு, நாலைந்து மாசம் நிலவறையில் வைத்து மெருகேற்றியது, கறுப்பு பீர் வைன் மாதிரி, வயசுதான் அதற்கு அழகு என்றார். நான் முன்பு ஒரு நண்பர் வீட்டில் மூன்று வருஷம் வைத்த இம்பீரியல் ஸ்டௌட் குடித்து அசந்துபோனவன். அதனால் தலையாட்டினேன். இரண்டு பாட்டில். ஓரிகனில் விற்பனை வரி கிடையாது. பாட்டிலுக்குப் பத்து சென்ட் முன்பணம் மட்டும் உண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பி வரும். ஆக 48.20.

வீட்டில் கண்ணாடி தம்ளரைக் கழுவித் துடைத்து, பாட்டிலைக் குளிரவைத்து, பத்து நிமிஷம் வெளியே வைத்து, ஒரு சடங்கு மாதிரிதான் திறந்தேன். ஊற்றும்போது நிறம் சரியாகவே இருந்தது: முதல் டிகாக்‌ஷன் கறுப்பு, விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு. நுரை மட்டும் கரடுமுரடாக எழும்பி, சோப்பு நுரை மாதிரி சடசடவென்று அடங்கியது. மூக்கைக் கொண்டுபோனேன். நார்த்தை இலையைக் கசக்கினால் வருமே, அந்த வாசனையை எதிர்பார்த்தேன். வந்தது அட்டைப்பெட்டி. மழையில் நனைந்து, காரிடாரில் காய்ந்த அமேசான் அட்டைப்பெட்டி. அதற்கடியில் சோயா சாஸ். கொஞ்ச நேரம் கழித்து எங்கிருந்தோ ஒரு மூஞ்சூறு வாடை.

மச்சினன் ஒரு மிடறு குடித்தான். முகத்தை மாற்றிக்கொள்ளாமல் தம்ளரை மேஜையில் வைத்தான். "நல்லாத்தான் இருக்கு அத்தான். பழைய வெல்லப்பாகுல துணி நனைச்ச மாதிரி இருக்கு" என்றான். விருந்தாளி மரியாதை அவ்வளவுதான் தாங்கும். கசப்பு இருந்தது; ஆனால் பாகற்காயைச் சரியாக வதக்காமல் விட்டால் நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு போகாமல் இருக்குமே, அந்த வெறும் கசப்பு. வாசனை துணைக்கு இல்லாத கசப்பு. மனைவி மட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, இருபத்துநாலு டாலருக்கு என்ன வாங்கினீர்கள் என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலி பாட்டிலைக் கழுவும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. கழுத்துக்குக் கீழே ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கர் வெந்நீரில் ஊறிக் கழன்று வந்தது. அதற்கடியில் கண்ணாடியின் மேல் சின்னப் புள்ளி எழுத்தில் ஓர் எண்: 17323. திறக்காத இன்னொரு பாட்டிலை எடுத்து அதே இடத்தில் ஸ்டிக்கரை உரித்தேன். அதிலும் 17323. தற்செயலாக ஒரு பாட்டிலில் ஸ்டிக்கர் அந்த இடத்தில் விழலாம். இரண்டிலும் விழுந்தால்?

மதுவாலைக்கு மெயில் போட்டேன். ஒரே நாளில் பதில் வந்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் மூன்று இலக்கம் வருஷத்தின் எத்தனையாவது நாள், கடைசி இரண்டு எந்த வருஷம். 2023-ன் 173-வது நாள், அதாவது ஜூன் 22. நான் வாங்கும்போது கிட்டத்தட்ட இருபது மாசம். இந்த பீரைக் குளிரிலேயே வைத்து மூன்று மாசத்துக்குள் குடிக்கச் சொல்கிறோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

திறக்காத பாட்டிலோடு கடைக்குப் போனேன். அதே ஆள். மதுவைத் திரும்ப வாங்குவது கடையின் வழக்கமில்லை என்றார். ஸ்டிக்கர் ஏன் தேதி மேலேயே இருக்கிறது என்றேன். ஒட்டுகிற பையன் கண்ட இடத்தில் ஒட்டுவான் என்றார். போன இலையுதிர்காலம் என்று சொன்னீர்களே என்றேன். கடைக்கு அப்போதுதான் வந்தது என்றார். கடைசியாக ஒரு போடு போட்டார் பாருங்கள்: "ஐபிஏ என்பதே உங்கள் ஊருக்கு மாசக்கணக்கில் கப்பலில் போவதற்காக ஹாப்ஸ் அதிகம் போட்ட பீர்தானே? அது கெட்டா போகும்?"

இந்தியாவைக் காட்டி என்னிடமே. வாயடைத்துப்போய் வந்துவிட்டேன். சரியான பதில் வழக்கம்போலக் கார் நிறுத்துமிடத்தில்தான் வந்தது.

ஹாப்ஸ் பீரைக் காப்பாற்றும் என்பது உண்மை. அதன் கசப்புச் சத்து பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களைத் தடுக்கும். கப்பலில் போன பீர் புளிக்காமல் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பீர் புளிக்காமல் இருப்பது வேறு, ஹாப்ஸ் வாசனை நிற்பது வேறு. அந்த வாசனை எண்ணெய்கள் மல்லிகைப்பூ ஜாதி. நாளாக ஆக ஆக்சிஜன் பட்டு மங்கிப் போய்விடும். பாட்டிலுக்குள் சிக்கிய துளி ஆக்சிஜனே போதும், அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். வெதுவெதுப்பில் வைத்தால் இன்னும் வேகமாக வரும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சத்து உடைந்து, ஸ்கங்க் என்கிற பிராணி பீய்ச்சும் நாற்றத்தின் ஜாதியில் ஒரு கந்தகப் பொருள் உண்டாகும். எனக்கு மூஞ்சூறு வாடையாகப் பட்டது அதுதான். பழுப்புக் கண்ணாடி பெரும்பாலான ஒளியைத் தடுக்கும், ஆனால் மாசக்கணக்கில் ஜன்னலில் வெயில் காயவைத்தால் அது மட்டும் என்ன செய்யும்.

இம்பீரியல் ஸ்டௌட் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு சதவீதம் ஆல்கஹால், மால்ட்தான் அதன் உயிர்; அது வருஷக்கணக்கில் தாங்கும், சிலது மெருகும் ஏறும். பிளாக் ஐபிஏ ஆறு, ஏழு சதவீதம், உயிர் ஹாப்ஸில் இருக்கிறது. நிறம் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. மஞ்சள் ஐபிஏ பழசானால் நிறம் மங்கிப் பழுப்பேறிக் காட்டிக்கொடுத்துவிடும். இது கறுப்பு, எதையும் காட்டாது. விற்கிறவருக்கு அது எவ்வளவு வசதி என்று பாருங்கள்.

ஏப்ரலில் வேறொரு டாப்ரூமில், அதாவது பீரைக் குழாயிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் கடையில், பிளாக் ஐபிஏ குழாயில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். மச்சினன் அதற்குள் ஊருக்குப் போய்விட்டான், அதுதான் வருத்தம். முதலில் ருசி பார்க்கக் கொஞ்சம் கொடுங்கள் என்றேன். சின்னத் தம்ளரில் இரண்டு வாய் ஊற்றிக் கொடுத்தார்கள். என்றைக்குப் பீப்பாயில் அடைத்தது என்றேன். அந்தப் பெண் தயங்காமல் போன வாரச் செவ்வாய் என்றாள்.

நுரை வெண்ணெய்க் காபி நிறத்தில் விரல்கனம் நின்றது. குனிவதற்கு முன்பே வாசனை மேலே வந்தது. நார்த்தை இலை, உரித்த பம்பளிமாஸ் தோல், அதற்குப் பின்னால் குங்கிலியம் புகைந்து அடங்கிய அறைக்குள் நுழைந்த மாதிரி ஒரு பிசின் வாடை. நாக்கில் முதலில் அந்தப் பழம், நடுவில் டார்க் சாக்லேட், விழுங்கிய பிறகுதான் வறுத்த காபி மெதுவாக எட்டிப்பார்க்கிறது. கசப்பு இருக்கிறது, ஆனால் அடுத்த மிடறைக் கேட்கிற கசப்பு. சுண்டைவற்றல் குழம்பு பிடித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். பிப்ரவரியில் நான் குடித்தது இந்தப் பெயரில் வந்த வேறு ஏதோ என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அங்கே முழு பைன்ட் எட்டே டாலர், அதுவும் நேர்மையான 16 அவுன்ஸ் தம்ளரில். சில இடங்களில் அடி தடித்த 14 அவுன்ஸ் தம்ளரில் ஊற்றிவிட்டு பைன்ட் என்று பில் போடுவார்கள், அறுபது மில்லி அப்படியே அமுங்கும். அது தனிப் பஞ்சாயத்து.

இனி வாங்குகிறவர்கள் முதலில் தேதியைத் தேடுங்கள். கேன் என்றால் அடியில், பாட்டில் என்றால் கழுத்திலோ லேபிள் ஓரத்திலோ இருக்கும். சில மதுவாலைகள் நேரடியாகத் தேதி போடுவார்கள், சிலர் எனக்கு வந்த மாதிரி நாள் கணக்கில் போடுவார்கள், இன்னும் சிலர் வருஷத்தை முன்னால் போட்டு 23173 என்று திருப்பி எழுதுவார்கள். எங்கேயும் தேதியே காணோம் என்றால் ஸ்டிக்கரை நகத்தால் கீறிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். மூன்று மாசத்தைத் தாண்டிய ஹாப்ஸ் பீரை முழு விலைக்கு நான் இனி தொடமாட்டேன், வெளித்தட்டில் வெறும் அலங்காரமாக நிற்கும் பாட்டிலைப் பாதி விலைக்கும் தொடமாட்டேன். லேபிள் சாயம் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு வாருங்கள். 'ரிசர்வ்', 'வின்டேஜ்' என்று கடைக்காரர் தன் கையால் எழுதி வைத்தால், மதுவாலை லேபிளில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். என் பாட்டிலில் இல்லை. நான் தேடவும் இல்லை.

அந்த இரண்டாவது பாட்டில் மே மாசம் வரை கராஜில் கிடந்தது. தோட்டத்தில் கொத்தமல்லிப் பாத்தியை ஓடில்லாத நத்தைகள் ராத்திரியோடு ராத்திரியாக மேய்ந்துகொண்டிருந்தன. இந்த ஊர் மழைக்கு அவற்றுக்குக் குறைவே இல்லை. தட்டில் பீர் ஊற்றிப் பாத்தி ஓரத்தில் வைத்தால் வந்து விழும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். நாலு தட்டில் ஊற்றி வைத்தேன். காலையில் தட்டுக்கு ஐந்தாறு கிடந்தன. பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்ததில் பத்து சென்ட் வந்தது.