2 ஜிபியைத் தின்ற நிரல் எது?

புளியரையில் என் கடைக்குச் செல்பேசி ஹாட்ஸ்பாட்தான் இணையம். நாளொன்றுக்கு 2 ஜிபி. தீர்ந்தால் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். (மேசையைச் சன்னலோரம் தள்ளினால் கேரளத்து டவர் பிடித்துக்கொள்ளும். அது தனிக் கதை.) சென்ற மாதம் ஒருநாள் காலை பத்தரைக்கே 2 ஜிபியும் காலி. வில்லங்கச் சான்று எடுக்க வந்த அண்ணாச்சி திரையைப் பார்த்தார். "தம்பி, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, நான் போய்ச் சாயா குடித்துவிட்டு வரவா?" என்றார்.

முதலில், விண்டோஸில் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும், நெட்வொர்க் என்ற பத்தி தெரியும். திறக்க எளிது என்பதைத் தவிர அதில் பெரிய நன்மை இல்லை. அது மெகாபிட் கணக்கில், ஒரே ஒரு தசம இடத்தோடு காட்டும். என் 64 கிலோபிட் அங்கே 0.1, பாதி வேகத்தில் ஓடும் நிரல் கிட்டத்தட்ட பூஜ்யம். போதாததற்கு, ஏற்றியதையும் இறக்கியதையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகத் தருகிறது.

விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரில் இந்தக் குறை இல்லை. ஸ்டார்ட் பெட்டியில் பெயரைத் தட்டி, நெட்வொர்க் தாவலுக்குப் போனால், ஒவ்வொரு நிரலும் நொடிக்கு எத்தனை பைட் அனுப்பியது, எத்தனை பைட் வாங்கியது என்று தனித்தனிப் பத்தி இருக்கிறது. அனுப்பும் பத்தியின் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினேன். முதல் வரியில் ஏழாயிரத்துச் சொச்சம். 64 கிலோபிட் என்பது நொடிக்கு 8,000 பைட். ஆக, இருந்த கொஞ்சத்தில் பெரும்பங்கை ஒரே நிரல் விழுங்கிக்கொண்டிருந்தது. அதுவும் இறக்கவில்லை, ஏற்றிக்கொண்டிருந்தது! பக்கத்து ஸ்டூடியோக்காரர் ஆல்பம் அச்சடிக்கக் கொடுத்த கல்யாணப் படங்களை நான் டெஸ்க்டாப்பில் போட்டிருந்தேன். கோப்புகளை மேகச் சேமிப்பில் ஏற்றும் நிரல் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

கணினி தெரிந்தவர்கள் உடனே நெட்ஸ்டாட் என்பார்கள், இணைய இணைப்புகளைப் பட்டியலிடும் கட்டளை அது. பி என்ற விருப்பத்தோடு நிர்வாகி உரிமையில் ஓட்டினால் நிரலின் பெயர் வரும். எந்த முகவரியோடு பேசுகிறது என்பதும் வரும். எவ்வளவு போனது என்பது மட்டும் வராது. செக்போஸ்டில் வண்டி எண்ணையும் போகும் ஊரையும் எழுதிக்கொண்டு, சரக்கின் எடையைக் கேட்காமல் விடுவது போலத்தான். டேட்டா கணக்குப் பார்க்க அது உதவாது.

அதே வேலையைக் கண்ணுக்கு இதமாகச் செய்வது டிசிபிவியூ. மார்க் ருசினோவிச் என்ற நிரலாளரின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006இல் மைக்ரோசாஃப்ட் சிஸ்இன்டர்னல்ஸை வாங்கியது. நிறுவத் தேவையில்லை, பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். புதிய இணைப்பு பச்சையாகத் தோன்றும், முடிந்தது சிவப்பாகி மறையும். பெயர் தெரியாத நிரல் ஏதாவது ஓடுகிறதோ என்ற சந்தேகம் வந்தால் இதைத்தான் எடுப்பேன். ஆனால் யுடிபி என்ற தரவு அனுப்பும் முறையில் நடக்கும் இணைப்புகளுக்கு எதிர்முனை முகவரியைக் காட்டாது. இன்றைய பிரௌசர்கள் பலவும் க்யுஐசி என்ற நெறிமுறையில் யுடிபி வழியாகப் பேசுவதால், அந்த இடத்தில் இதற்குக் கண் தெரியாது.

இவை எல்லாம் இந்த நொடியைக் காட்டுபவை. நேற்று இரவு தின்றது யார் என்று கேட்டால் கையை விரிக்கும். அதற்கு விண்டோஸ் செட்டிங்ஸில் உள்ள டேட்டா யூசேஜ் பக்கம் இருக்கிறது. 30 நாள் கணக்கைச் செயலிவாரியாக வைத்திருக்கும். உண்மையில் நான் முதலில் அங்கேதான் போயிருக்க வேண்டும். வரைபடமும் எச்சரிக்கையும் வேண்டுமென்றால் கிளாஸ்வயர் என்ற தனி நிரல் இருக்கிறது. பழைய கணினியில் இன்னொரு நிரல் எப்போதும் ஓடுவதை நான் விரும்புவதில்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நெட்ஹாக்ஸ் என்ற கருவி ஒன்றே போதும். ரூட் (நிர்வாகி) உரிமையில் ஓட்டினால் நிரல்வாரியாக ஏற்றமும் இறக்கமும் வரும். பலர் பரிந்துரைக்கும் ஐஎஃப்டாப் எந்தக் கணினியோடு பேச்சு நடக்கிறது என்று காட்டுமே தவிர, பேசுகிற நிரலின் பெயரைச் சொல்லாது.

படங்களை வேறு டிரைவுக்கு மாற்றி, ஹாட்ஸ்பாட்டை மீட்டர்டு கனெக்ஷன், அதாவது அளவோடு செலவழிக்க வேண்டிய இணைப்பு என்று குறித்துவைத்தேன். அண்ணாச்சி சாயா குடித்துவிட்டுத் திரும்பியபோது சான்றின் முதல் பக்கம் பாதி இறங்கியிருந்தது.