இருமலுக்கு மருந்துக்கடையா, ஆரம்ப சுகாதார நிலையமா?

மூன்று வாரமாக வறட்டு இருமல், தொண்டையில் ஓயாத கரகரப்பு. முதலில் தெருமுனை மருந்துக்கடைக்குத்தான் போனேன். இரண்டு நிமிட வேலை. "சளியா, வறட்டு இருமலா?" என்று ஒரே கேள்வி, கையில் சிரப் பாட்டில். சளி பிடித்து நாலைந்து நாள் வரும் இருமலுக்கு இது போதும். அது தானாகவே அடங்கிவிடும் என்பது வேறு விஷயம். எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையம். சீட்டு வாங்கவே வரிசை, அரை நாள் போய்விட்டது. ஆனால் டாக்டர் கேட்டவை வேறு ரகம். எடை குறைந்ததா? மாலையில் காய்ச்சல்? சளியில் ரத்தம்? படுத்தால் நெஞ்செரிச்சல்? பிரஷருக்கு என்ன மாத்திரை?

கடைசிக் கேள்வியில் மாட்டினேன். நான் சாப்பிடுவது எனலாப்ரில். அந்த வகை மாத்திரைகளே சிலருக்கு வறட்டு இருமலைக் கிளப்பும். இதற்கு சிரப் என்ன செய்யும், பாவம்!

இருமல் இரண்டு வாரம் தாண்டியதால், காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய சளிப் பரிசோதனைக்கும் டப்பா தந்தார்கள். காசு கிடையாது. "காலையில் வாய் கொப்பளித்துவிட்டு ஆழமா இருமி எடுங்க, எச்சில் வேண்டாம்" என்று நர்ஸ் இரண்டு முறை சொன்னார். சளியில் ஒன்றுமில்லை. மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. டாக்டரே லோசார்டன் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். இருமல் அடங்க மேலும் மூன்று வாரம் ஆனது.