பி-டென் கணிப்பான்: ஆட்டிசக் குழந்தைக்கு எவ்வளவு உதவும்?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பி-டென் கணிப்பான், ஒருவருக்கு பி-டென் (PTEN) என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும்; பெரியவர்களுக்கு நல்ல கருவி. ஆட்டிசக் குழந்தைக்காகத் திறப்பவர்கள்தான் தவறான கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, "ஆபத்து குறைவு" என்று நிம்மதியாக மூடிவிடுகிறார்கள்.

பி-டென், 10ஆம் குரோமோசோமில் உள்ள கட்டி அடக்கும் மரபணு; 1997இல் கண்டறியப்பட்டது. இதன் புரதம் செல்சவ்வில் உள்ள பிஐபி3 என்ற கொழுப்பு மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி, ஏகேடி, எம்டார் என்ற புரதங்கள் வழியாகப் போகும் வளர்ச்சிக் கட்டளைக்குப் பிரேக் போடுகிறது. இம்மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்து, ஏதோ ஒரு செல்லில் மற்றதும் போனால் அங்கே கட்டி வளர வழி பிறக்கும். மூளைக்கு அந்த இரண்டாவது இழப்பு தேவையில்லை. புரதம் பாதியாகக் குறைந்தாலே வளர்ச்சி மிஞ்சி, தலை பெருத்துவிடும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசமும் மிகப் பெரிய தலையும் கொண்ட 18 பேரில் 3 பேருக்கு இம்மரபணு மாற்றம் இருந்தது.

கணிப்பானின் பெரியவர் பகுதிக்கு அடிப்படை, 3,042 பேரை வைத்து 2011இல் வெளியான ஆய்வு. தலைச்சுற்றளவு, தோல் கட்டிகள், குடல் பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு முளை), மார்பகம், தைராய்டு, கருப்பைப் புற்றுநோய்கள் எனக் குறித்தால் மதிப்பெண் வரும். 10 வந்தால் மாற்றம் இருக்கும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மரபணுப் பரிசோதனை செய்யலாம். பயாப்சி அறிக்கை கையில் இல்லாமல் நிரப்பாதீர்கள். பாலிப் இருந்தது என்றால் போதாது, ஹமார்டோமா (அந்த உறுப்பின் சொந்தத் திசுக்களே ஒழுங்கின்றி வளர்ந்த கட்டி) வகையா என்பதுதான் கேள்வி.

18 வயதுக்குக் கீழே இந்த மதிப்பெண் உதவாது. புற்றுநோய் வரும் வயதே ஆகாத பிள்ளைக்கு எண் குறைவாகத்தானே வரும்? அவர்களுக்குத் தனி விதி: தலைச்சுற்றளவு வயதுச் சராசரியைவிட 2 திட்டவிலக்கமாவது (சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) கூடுதலாக இருக்க வேண்டும், கூடவே ஆட்டிசம் அல்லது வளர்ச்சித் தாமதம், குறிப்பிட்ட தோல் அறிகுறிகள், ரத்தநாளக் கோளாறு, குடல் பாலிப் இவற்றில் ஒன்றாவது வேண்டும். எனவே எல்லாம் டேப்பில் நிற்கிறது. நீளாத டேப்பாக எடுங்கள். பின்னலை அவிழ்த்துவிட்டு, முன்னே புருவத்துக்குச் சற்று மேலும், பின்னே மண்டை அதிகம் புடைத்த இடத்திலும் படும்படி இறுக்கிச் சுற்றுங்கள். மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுங்கள். தையற்கடை டேப் பழசானால் நீண்டுவிடும். அரை சென்டிமீட்டர் கூட விடையை மாற்றலாம். பெற்றோரின் தலையையும் அளந்துவிடுங்கள். ஆணுக்கு 60, பெண்ணுக்கு 58 சென்டிமீட்டரைத் தொட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பரம்பரையாகவே பெரிய தலை என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். பழுதான பிரதி அவரிடமிருந்தும் வந்திருக்கலாம்.

கணிப்பானின் பெரிய குறை, எந்த ஆய்வகப் பரிசோதனை கேட்க வேண்டும் என்பதில் கைவிட்டுவிடுவது. 9ஆம் குரோமோசோமில் பி-டென்னைப் போலவே எழுத்து வரிசை கொண்ட ஒரு போலி மரபணு இருக்கிறது. இரண்டையும் பிரிக்கத் தெரியாத ஆய்வகம் இல்லாத மாற்றத்தை இருப்பதாகவும், இருப்பதை இல்லாததாகவும் சொல்லக்கூடும். வரிசைமுறை வாசிப்போடு, பெரிய துண்டே விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் எம்எல்பிஏ போன்ற சோதனையும் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். "பொருள் தெளிவற்ற மாற்றம்" (கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியாதது) என்று அறிக்கை வந்தால், அதை வைத்து எந்த அறுவை சிகிச்சையும் முடிவு செய்யக் கூடாது.

மாற்றம் உறுதியானால் ஆட்டிசச் சிகிச்சையில் பெரிதாக எதுவும் மாறாது. எம்டாரைத் தடுக்கும் எவரோலிமஸ் மருந்தைச் சோதித்த ஆய்வில் சிந்தனைத் திறனுக்குத் தெளிவான பலன் கிடைக்கவில்லை. மாறுவது புற்றுநோய்க் கண்காணிப்பு. அமெரிக்க வழிகாட்டுதல்படி 7 வயதிலிருந்து ஆண்டுதோறும் தைராய்டு ஸ்கேன், பெண்களுக்கு 30 வயதையொட்டி மார்பக எம்ஆர்ஐ, 35இல் கொலோனோஸ்கோபி, 40இல் சிறுநீரக ஸ்கேன். மார்பகப் புற்றுநோய்க்கு வாழ்நாள் ஆபத்து 85 சதவீதம் என்று படித்துப் பயப்படுவார்கள். அது பெரும்பாலும் நோய் வந்து பரிசோதனைக்கு வந்தவர்களிடம் எடுத்த கணக்கு. ஆட்டிசம் வழியாகக் கண்டறியப்பட்ட குழந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது. கண்காணிப்பை அதற்காக விட்டுவிடவும் முடியாது. குழந்தைக்கு உறுதியானதும் அம்மா, அப்பா இருவருக்கும் அதே ஒரு மாற்றத்தை மட்டும் தேடும் சோதனை போதும். முழு வாசிப்பைவிடச் செலவு குறைவு.