தெர்மல் மோனோகுலர்: பணத்தைத் தூரத்துக்குக் கொடுப்பதா, அகலத்துக்கா?

தெர்மல் மோனோகுலர், அதாவது சூட்டை இருட்டிலும் படமாகக் காட்டும் ஒற்றைக்கண் கருவி, வாங்கப் போனால் பெட்டியின் மேல் "1,200 மீட்டர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பெட்டிக்குள் தேடினால் கிடைக்காது. கணக்கு இதுதான். ஒவ்வொரு பிக்சலும் 12 மைக்ரான் அளவுள்ள சென்சருக்கு முன்னால் 25 மி.மீ. லென்ஸ் இருந்தால், 100 மீட்டருக்கு அப்பால் ஒரு பிக்சல் 4.8 செ.மீ. இடத்தை மூடும். 1,200 மீட்டரில் அதுவே 58 செ.மீ. நிமிர்ந்து நிற்கும் 1.8 மீட்டர் ஆள் அங்கே வெறும் மூன்று புள்ளி. ஏதோ சூடாக நிற்கிறது என்று தெரியும். ஆளா, மாடா, பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தண்ணீர்த் தொட்டியா என்பது தெரியாது.

பினாங்கில் இந்தக் கருவியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. தண்ணீர்மலை, கொடிமலை, தெலுக் பஹாங் பக்கம் இரவில் மரநாயும் கூபுங்கும் (பறக்கும் லெமூர்) ஆந்தையும் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை. செபராங் பிறையில் வயலோரமும் செம்பனைத் தோட்டத்திலும் காட்டுப்பன்றி நடமாட்டத்தைக் கவனிக்க வேண்டியவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் ஒரே கருவி சரிவராது. கோலாலம்பூரில் கெப்போங், புக்கிட் கியாரா பக்கம் போகிறவர்கள் முதல் வகையில் சேர்ந்துகொள்ளலாம்.

துப்பாக்கியில் மாட்டும் ஸ்கோப்பையும் இங்கேயே பேசிவிடலாம். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் திறந்த புல்வெளியில் 200, 300 மீட்டர் சுடுகிறவர்களுக்காக எழுதியவை. மலேசியாவில் துப்பாக்கிக்கு 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. வேட்டைக்கு 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் உரிமம் வேண்டும். அது இல்லாதவருக்கு ஸ்கோப்பில் வரும் குறிக்கோடும் அதிர்ச்சி தாங்கும் கூடும் வீண் செலவு. அதே சென்சர், அதே லென்ஸ் உள்ள கை மோனோகுலர் அதே படத்தைத்தான் காட்டும், விலையும் குறைவு. உரிமம் உள்ளவரும் தேடுவதற்கு மோனோகுலரையே எடுப்பது நல்லது. இருட்டில் என்ன நிற்கிறது என்று பார்க்கத் துப்பாக்கியை நீட்டுவது எந்த ஊரிலும் புத்திசாலித்தனம் இல்லை.

இனி அளவுகோல். 1958-இல் அமெரிக்க இராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் வகுத்ததை இன்றைய பிக்சல் கணக்குக்கு மாற்றினால் இப்படி வரும்: ஏதோ இருக்கிறது என்று தெரிய 2 பிக்சல், என்ன வகை விலங்கு என்று சொல்ல 8, இன்னதுதான் என்று அடையாளம் சொல்ல ஏறத்தாழ 13. அதுவும் இரண்டுக்கு ஒரு முறை சரியாகச் சொல்வதற்குத்தான். மரநாயின் உடலை 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 12 மைக்ரான் சென்சரில் 10 மி.மீ. லென்ஸ் அதை 31 மீட்டரில் வகை காட்டும். 15 மி.மீ. 47 மீட்டரிலும், 19 மி.மீ. 59 மீட்டரிலும், 25 மி.மீ. 78 மீட்டரிலும், 35 மி.மீ. 109 மீட்டரிலும் காட்டும். காட்டுப்பன்றிக்கு இவற்றை இரண்டரையால் பெருக்கிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் சென்சரின் குறுக்கே எத்தனை பிக்சல் என்று சொல்லும் 256, 384, 640 என்ற எண்கள் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பிக்சலின் அளவும் லென்ஸும் ஒன்றாக இருந்தால், 256×192 சென்சரும் 384×288 சென்சரும் ஒரே தூரத்தைத்தான் காட்டும். பெரிய சென்சர் கொடுப்பது அகலம். கடையில் அதிகம் ஏமாறுவது இங்கேதான்: "384 என்றால் தூரம் அதிகம்" என்று சொல்லி விற்பார்கள். 640-ஐ நாலாயிரம் வெள்ளிப் பட்ஜெட்டில் பேசிப் பயனில்லை, விட்டுவிடுவோம்.

நாலாயிரம் வெள்ளிக்குள் உண்மையான போட்டி இரண்டுக்கு இடையில்: 256 சென்சரோடு 25 மி.மீ. லென்ஸ், 384 சென்சரோடு 19 மி.மீ. லென்ஸ். விலை கடைக்குக் கடை மாறும், இரண்டும் அக்கம்பக்கம்தான் நிற்கும். காகிதத்தில் முதலாவது ஜெயிக்கும்: 78 மீட்டருக்கு எதிராக 59. கையில் எடுத்து மரத்தைப் பார்த்தால் கதை மாறும். 30 மீட்டர் தள்ளியிருக்கும் மரத்தில் 256/25 காட்டும் அகலம் 3.7 மீட்டர். 384/19 காட்டுவது 7.3 மீட்டர். பத்து மீட்டர் விரிந்த கிளைப்பரப்பை முதல் கருவியில் குழாய்வழிப் பார்ப்பதுபோல் மேலும் கீழுமாகத் துழாவ வேண்டும். அதற்குள் மரநாய் அடுத்த மரத்துக்குப் போய்விடும். கூபுங் ஒன்று மரம் விட்டு மரம் மிதந்து போனால் பின்தொடரவே முடியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் என்பார்களே, அது இதுதான்.

தண்ணீர்மலை அடிவாரத்திலோ தாவரவியல் பூங்காவை ஒட்டிய பாதையிலோ 60 மீட்டருக்கு மேல் தடையில்லாமல் பார்க்க எத்தனை இடம் இருக்கிறது? தெர்மல் இலைக்குள் ஊடுருவாது. இலைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் பார்க்கும். ஆகவே மலைக்கும் காட்டோரத்துக்கும் 384/19-ஐ எடுங்கள். பணம் போதவில்லை என்றால் 256/15-க்கு இறங்குங்கள், 256/25-க்குப் போகாதீர்கள். 256/15 தரும் அகலம் அதே 30 மீட்டரில் 6.1 மீட்டர்.

வயலும் தோட்டமும் வேறு உலகம். வரப்பில் நின்றால் 200 மீட்டர் எதிரே எதுவும் மறைக்காது. செம்பனை பொதுவாக 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்டிருக்கும். ஒரே நிரையில் பதினோரு மர இடைவெளி எண்ணினால் ஏறத்தாழ 100 மீட்டர் ஆயிற்று. தூரம் அளக்கும் லேசருக்குத் தனியே காசு கொடுக்க வேண்டாம். இங்கே 25 மி.மீ. லென்ஸ் பன்றியை 195 மீட்டரிலும் 35 மி.மீ. 273 மீட்டரிலும் வகை காட்டும். 384/35 வாங்க முடிந்தால் அதுதான் சரியான தேர்வு, ஆனால் விலை நாலாயிரத்தைத் தாண்டிவிடும். முடியாவிட்டால் 256/25-ஐ முக்காலியில் நிறுத்திப் பயன்படுத்தலாம். 7 டிகிரி அகலக் கருவியைக் கையில் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும்.

போனில் செருகும் தெர்மல் துண்டும் இந்தப் போட்டியில் சேரும், விலையில் மட்டும். அதிலும் 256×192 சென்சர்தான். ஆனால் பரவலாக விற்கும் வகையின் பார்வைக் கோணம் 56 டிகிரி. 50 மீட்டரில் ஒரு பிக்சல் 19 செ.மீ. மரநாயை வகை காட்டுவது 10 மீட்டருக்குள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. மின்பலகையில் சூடேறும் ஒயரைக் கண்டுபிடிக்க அது அருமையான கருவி, அந்த வேலைக்கே செய்தது.

அடுத்து, நம் ஊர்க் காற்று. 25 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் உள்ள இரவில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 20 கிராம் நீராவி இருக்கும். ஐரோப்பாவில் 5 டிகிரி, 80 சதவீத இரவில் ஐந்து கிராம் சொச்சம். தெர்மல் பார்க்கும் 8 முதல் 14 மைக்ரான் கதிரை நீராவி விழுங்கும், தூரம் கூடக்கூட இன்னும் அதிகமாக. அதோடு, அங்கே விலங்குக்கும் பின்னணிக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் பெரியது. இங்கே ரோமத்தின் மேற்பரப்பு சுற்றியுள்ள இலையைவிடச் சில டிகிரிதான் கூடுதலாக இருக்கும். ஆகவே மேலே சொன்ன மீட்டர்களை நல்ல இரவின் உச்ச வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் என்இடிடி என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். சென்சரால் பிரித்தறிய முடிகிற மிகச் சிறிய சூட்டு வித்தியாசம் அது, மில்லிகெல்வினில். 50 என்று போட்டிருந்தால் நம் ஈரக்காற்றில் படம் சாம்பலாக வரும். 35-க்குக் கீழே பாருங்கள், 25-க்குக் கீழே கிடைத்தால் நல்லது. அந்த எண்ணை எஃப் 1.0 லென்ஸோடு சேர்த்துப் படிக்க வேண்டும் (எஃப் எண் சிறியதானால் லென்ஸின் வாய் அகலம்). எஃப் 1.2 லென்ஸ் அதே சென்சருக்கு ஏறத்தாழ 70 சதவீதக் கதிரைத்தான் கொடுக்கும். மலிவு 35 மி.மீ. கருவிகளில் லென்ஸ் செய்யும் ஜெர்மானியத்தை மிச்சம் பிடிக்க இந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள்.

நேரமும் முக்கியம். சூரியன் விழுந்த உடனே போனால் பாறை, தார்ச்சாலை, மரத்தண்டு எல்லாம் விலங்குபோல் மின்னும். பத்து மணிக்கு மேல் தெளியும். விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் சிறந்தது. மழை விட்டவுடன் நனைந்த ரோமமும் நனைந்த இலையும் ஒரே சூட்டில் இருக்கும், அரை மணி நேரம் பொறுக்கலாம். பாம்பு பெரும்பாலும் தெர்மலில் சரியாகத் தெரியாது, அதன் உடல் ஏறத்தாழத் தரையின் சூட்டில்தான் இருக்கும். எனவே எந்தக் கருவி வாங்கினாலும் காலடிக்கு ஒரு டார்ச் வேண்டும்.

அகச்சிவப்பு விளக்கடித்துப் பார்க்கும் டிஜிட்டல் நைட் விஷனைப் பலர் தெர்மலுக்குப் பதிலாக நினைக்கிறார்கள். விலை குறைவு, படம் விவரமாக இருக்கும், மரநாயின் முகக்கோடுகூடத் தெரியும். தெர்மலில் அது வெள்ளை உருவம்தான். ஆனால் தேடுவதற்கு நைட் விஷன் உதவாது. அதன் அகச்சிவப்பு விளக்கு அருகிலுள்ள இலைகளில் பட்டு வெள்ளையாகத் தெறிக்கும். பின்னால் உள்ளது மறைந்துவிடும். தூறலிலும் பனியிலும் இன்னும் மோசம். 850 நானோமீட்டர் விளக்கு சற்றுத் தூரம் எட்டும், ஆனால் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 தெரியாது, எட்டும் தூரம் குறைவு. கார்க் கண்ணாடி வழியாகப் பார்க்க முடிவது இதன் இன்னொரு சலுகை, அதுவும் விளக்கை அணைத்தால்தான். தெர்மலுக்குச் சாதாரணக் கண்ணாடி சுவர்போல. கையில் கொஞ்சம் காசு மிஞ்சினால் தெர்மலில் தேடி, இதில் அடையாளம் பார்ப்பது நல்ல ஜோடி.

பிரேம் வேகம் 9 ஹெர்ட்ஸ் என்றால் விட்டுவிடுங்கள், பறக்கும் கூகை இழுபட்ட கோடாக வரும். 25 போதும், 50 சொகுசு. பேட்டரி கழற்றி மாற்றும் 18650 வகையாக இருந்தால் மலையில் கைவிடாது. ஐபி 67 என்ற நீர், தூசி புகாத தரம் இல்லாததை இந்த மழை நாட்டில் வாங்க வேண்டாம்.

கடையில் சோதிக்கும்போது குளிர்சாதன அறைச் சுவரைக் காட்டித் திருப்திப்படுத்துவார்கள். வாசலுக்கு வெளியே போய், சாலைக்கு எதிர்ப்புறம் நடக்கிற ஆளைப் பாருங்கள். பிறகு வெற்றுச் சுவரைப் பார்த்து, அசையாமல் நிற்கும் வெள்ளை, கறுப்புப் புள்ளிகளையும் செங்குத்துக் கோடுகளையும் தேடுங்கள். மேசையில் பத்து வினாடி கையை வைத்து எடுத்து, கைத்தடம் எவ்வளவு நேரம் தெரிகிறது என்று இரண்டு கருவிகளிலும் ஒப்பிடுங்கள். மங்கிய தடத்தைக் கடைசிவரை காட்டுவது எதுவோ அதன் உணர்திறன் மேல். சில நிமிடங்களுக்கு ஒரு முறை 'டிக்' என்ற ஓசையோடு படம் அரை வினாடி உறைந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் ஷட்டர் சென்சரைச் சமன்படுத்துகிறது.

பழைய கருவி வாங்குகிறவர் பிக்சல் 17 மைக்ரானா என்று கேளுங்கள். 25 மி.மீ. லென்ஸ் இருந்தும் அது 12 மைக்ரான் 18 மி.மீ. அளவுக்குத்தான் காட்டும். யாராவது சூரியனை நோக்கிப் பிடித்திருந்தால் சென்சரில் தழும்பு விழுந்திருக்கலாம், அந்த வெற்றுச் சுவர்ச் சோதனையில் அதுவும் வெளிப்படும்.

வாங்கிய முதல் இரவிலேயே பலரைப் பதறவைப்பது வேறொன்று. காரில் ஏர்கோன் 22 டிகிரியில் ஓடும், வெளியே பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு, 24 டிகிரியைத் தொட்டிருக்கும். கருவியை எடுத்து நீட்டியதும் லென்ஸில் நீர் படிந்து முழுப் படமும் சாம்பலாகிவிடும். தண்ணீர்ப் படலம் தெர்மலுக்குத் திரை. கருவி கெட்டதென்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம். பையோடு காரின் பின்பெட்டியில் வையுங்கள், இறங்கியதும் இருபது நிமிடம் வெளிக்காற்றில் விடுங்கள். கொசு மருந்து தடவிய கையால் கருவியைத் தொடாதீர்கள். டீட் என்ற வேதிப்பொருள் கலந்த மருந்து பிளாஸ்டிக்கையும் ரப்பர் கண்வளையத்தையும் அரித்துவிடும்.