ரெமிங்டன் 870: வாத்து வேட்டைக்கு 26 அங்குல பேரலா, 28 அங்குல பேரலா?

நாலு சீசனாக என் கையில் இருப்பது ஒரே துப்பாக்கிதான். ரெமிங்டன் 870 எக்ஸ்பிரஸ், குழல் அகலம் 12 கேஜ், பம்ப் ஆக்‌ஷன், அதாவது முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற வகை, தோட்டா உட்காரும் சேம்பர் 3 அங்குலம். ஆனால் பேரல், அதாவது குழல், இரண்டு. வாங்கும்போது கூடவே வந்தது 28 அங்குலம். இரண்டாம் வருஷம் ஒருவரிடம் பழைய 26 அங்குல பேரலைத் தனியாக வாங்கினேன். ஒரே துப்பாக்கியில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிச் சுட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன், ஏனென்றால் புதிதாக வாத்து வேட்டைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான், கடையில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் தப்பு.

நான் இருப்பது ஆர்கன்சா மாநிலத்தில். ஸ்டட்கார்ட் என்ற சின்ன ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் நெல் வயல். அமெரிக்காவில் விளையும் நெல்லில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒரு மாநிலத்தில்தான் விளைகிறது. அறுப்பு முடிந்து தாளோடு தண்ணீர் கட்டிய வயலில் விடியற்காலையில் நின்றால் வருகிற வாசனை, தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த எனக்குப் புதிது இல்லை. சிந்திய நெல்லைத் தின்ன வடக்கேயிருந்து மல்லார்ட் வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்பதே குற்றம், அது சரியும்கூட. இங்கே இது உரிமம் வாங்கி, கணக்கு வைத்து நடக்கிற விஷயம். 16 வயது ஆன ஒவ்வொரு வாத்து வேட்டைக்காரரும் 25 டாலருக்கு வாத்து ஸ்டாம்ப் (வேட்டை அனுமதி வில்லை) வாங்க வேண்டும், அந்தப் பணத்தில் டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பாற்றப் போகிறது. 1934-இல் ஆரம்பித்த ஏற்பாடு.

சரி, பேரலுக்கு வருவோம்.

துப்பாக்கி வாங்கப் போன கடையில் (பெயர் வேண்டாம்) கவுண்டரில் இருந்தவர் 28-ஐ எடுத்துக் கையில் கொடுத்து, 26-ஐவிட இது பத்து கெஜம் கூடுதலாகப் போகும் என்றார். நான் நம்பினேன். முதல் சீசன் முழுக்க அந்த நம்பிக்கையில் 50 கெஜத்துக்கு மேல் பறந்த வாத்துகளை எல்லாம் சுட்டேன், ஒன்றிரண்டு அடிபட்டும் விழாமல் பறந்து போய்விட்டன. அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. அடிபட்ட பறவை எங்கோ நாணலுக்குள் கிடந்து சாகும், நாயும் கண்டுபிடிக்காது. ஒரு விற்பனை வார்த்தையால் வந்த வினை இது, அதனால்தான் இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

இப்போதைய தோட்டாவில் இருக்கும் வெடிமருந்து பேரலின் முதல் 18, 20 அங்குலத்துக்குள் ஏறக்குறைய எரிந்து முடிந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கிடைப்பது விநாடிக்கு ஐந்து முதல் பத்து அடி வேகம், அவ்வளவுதான். நான் சுடும் ஸ்டீல் (எஃகுக் குண்டு) தோட்டா விநாடிக்கு 1,450 அடியில் கிளம்புகிறது என்று பெட்டியில் போட்டிருக்கிறான். இரண்டு அங்குலம் கூடுவதால் அதில் ஒரு சதவீதம் ஏறலாம். 40 மைல் வேகத்தில் குறுக்கே பறக்கும் மல்லார்டை 35 கெஜத்தில் சுடும்போது அதற்கு முன்னால் ஐந்தரை அடி விட்டுச் சுட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சதவீத வேகத்தால் இந்தக் கணக்கு மாறுவது முக்கால் அங்குலம்கூட இல்லை. பத்து கெஜம் எங்கேயிருந்து வரும்?

தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகள் சிதறுவதும் அப்படித்தான். அதைத் தீர்மானிப்பது பேரலின் நுனியில் திருகும் சோக், அதாவது குழலின் வாயைக் குறுக்கும் சின்னக் குழாய், நீளம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பழுப்புக் காகிதச் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டு சுடும் ரேஞ்சுக்குப் போனேன். 40 கெஜத்தில் காகிதத்தைக் கட்டி, இரண்டு பேரலிலும் அதே மாடிஃபைட் (நடுத்தர இறுக்கம்) சோக்கைப் போட்டு, ஒன்றேகால் அவுன்ஸ் 2-ஆம் நம்பர் ஸ்டீல் தோட்டாவை ஐந்தைந்து முறை சுட்டேன். அந்தத் தோட்டாவுக்குள் சுமார் 156 குண்டுகள் இருக்கும். ஒவ்வொரு தாளிலும் குண்டுகள் அதிகமாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் வரைந்து, வீட்டுத் தரையில் விரித்து, பேனாவால் ஒவ்வொரு ஓட்டையாகப் புள்ளி வைத்து எண்ணினேன். என் மகளும் உட்கார்ந்து எண்ணினாள், ஒரு தாளை இரண்டு பேரும் தனித்தனியாக. சராசரியில் இரண்டு பேரலுக்கும் வித்தியாசம் ஐந்தாறு ஓட்டைக்குள் நின்றது. ஒரே பேரலில் அடுத்தடுத்துச் சுட்ட இரண்டு தாள்களுக்கு நடுவில் இருந்த வித்தியாசம் அதைவிட அதிகம். ஆனால் சோக்கை அதைவிடத் தளர்வான இம்ப்ரூவ்ட் சிலிண்டருக்கு மாற்றியதும் வட்டத்துக்குள் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. பேரலுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தை நல்ல சோக்குக்கும் நாலு பெட்டித் தோட்டாவுக்கும் ஒதுக்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பழைய ஆட்கள் நீளமான பேரலை விரும்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கருமருந்து மெதுவாக எரியும், அதற்கு நீளம் உதவியது. பிறகு புகையில்லா மருந்து வந்தும் பழக்கம் போகவில்லை. மார்லின் கம்பெனி 'கூஸ் கன்' என்று 36 அங்குல பேரல் வைத்து ஒரு துப்பாக்கியே விற்றது. இந்தப் பக்கத்தில் இன்னும் பேசப்படுவது வேட்டை எழுத்தாளர் நாஷ் பக்கிங்ஹாமின் 'போ-ஹூப்' என்ற துப்பாக்கி, 32 அங்குல இரட்டைக்குழல். 1948-இல் இங்கே ஆர்கன்சாவில் வேட்டை முடிந்து திரும்பும்போது வார்டன்கள் (வேட்டை அதிகாரிகள்) சோதனை போட்டார்கள், துப்பாக்கியைக் காரின் மட்கார்டு மேல் வைத்தது அப்படியே மறந்துபோய், வண்டி நகர்ந்ததும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு அப்புறம் வெளியே வந்து 2010-இல் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. வாங்கியவர் அதை டக்ஸ் அன்லிமிடெட் என்ற சதுப்பு நிலப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கதையைக் கேட்டு 32 அங்குலத்துக்கு ஆசைப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது இரட்டைக்குழல் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. பம்ப், ஆட்டோ துப்பாக்கிகளில் பேரலுக்குப் பின்னால் இருக்கும் ரிசீவர் பகுதி இரட்டைக்குழலைவிட மூன்றரை, நாலு அங்குலம் நீளம். அதாவது 26 அங்குல பம்ப்பும் 30 அங்குல இரட்டைக்குழலும் மொத்த நீளத்தில் ஏறக்குறைய ஒன்று. என் 870-க்கு 28 மாட்டினால் மொத்தம் 48½ அங்குலம், 26 மாட்டினால் 46½. எடை இரண்டுக்கும் ஏழே கால் பவுண்டு பக்கம்தான்.

அப்படியானால் நீளம் எதற்கு? ஆட்டத்துக்கு, அதாவது பறக்கிற பறவையோடு துப்பாக்கியை ஓட்டிக்கொண்டு போவதற்கு. நீளமான பேரலில் முன்பக்கம் கனம் கூடுதல். ஒரு தரம் நகர ஆரம்பித்தால் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இருந்த கெட்ட பழக்கம், விசையை அழுத்தும் நொடியில் கையை நிறுத்திவிடுவது. கூட வரும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து முறை பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க குறி பார்க்கிறீங்க, ஓட்டவே மாட்டேங்கிறீங்க, வாத்து முன்னாடி போயிடுதுங்க" என்றார். 28-இல் அந்தத் தப்பு குறைவாக நடக்கிறது. 26-இல் கை உடனே நின்றுவிடுகிறது, வாலுக்குப் பின்னால் சுடுகிறேன். கடைக்காரர் சொன்ன காரணம் தப்பு, ஆனால் திறந்த வயலுக்கு 28 சரியான பேரல்தான்.

வயலில் நாங்கள் உட்காருவது வரப்புக்குள் புதைத்த இரும்புக் குழியில். தலைக்கு மேல் தள்ளுகிற மூடி, முன்னால் வைக்கோல். அங்கேயும் 28 நல்லது. எழுந்து சுடும்போது நுனி குழியின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கிறது, வரிசையில் நிற்கும் ஆளின் காதுக்கும் நாயின் தலைக்கும் எட்ட இருக்கிறது. பேரல் குட்டையானால் சத்தம் பக்கத்து ஆளின் காதுக்கு அதே அளவு கிட்டே வரும். எந்த நீளமானாலும் காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள்.

காடு வேறு. பாயூ மீட்டோ என்ற சதுப்புக் காட்டுப் பக்கம் குளிர்காலத்தில் ஓக் காட்டுக்குள் தண்ணீர் நிறைந்து நிற்கும், ஓக் விதைகளைத் தின்ன மல்லார்ட் உள்ளே வரும். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு மரத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். மேலே கிளைகளுக்கு நடுவில் ஒரு பாயளவு வானம். ஒருவர் ஊதுகுழலில் வாத்தைப் போலக் கத்துவார், மற்றவர்கள் காலால் தண்ணீரை உதைத்து அலை கிளப்புவோம், பொம்மை வாத்துகள் உயிரோடு இருப்பது போல ஆடும். பச்சைத்தலைகள் (ஆண் மல்லார்டுகள்) இறக்கையைக் குவித்து அந்த இடைவெளி வழியாக நேரே இறங்கும், ஆரஞ்சு நிறக் கால்கள் தெரிகிற தூரம், 20 கெஜம்கூட இருக்காது. முதல் தடவை நான் 28-ஐக் கொண்டு போயிருந்தேன். மரத்தைச் சுற்றித் தூக்கும்போது நுனி பட்டையில் இடித்து நின்றுவிட்டது, மூன்று வாத்துகள் என் முகத்துக்கு நேராகத் திரும்பி மேலேறிப் போயின. 26 வாங்கியது அதற்குப் பிறகுதான். இரண்டு அங்குலம் பெரிய விஷயமா என்று கேட்டால், மரத்துக்கும் தோளுக்கும் நடுவில் பெரிய விஷயம். அங்கே நீண்ட ஓட்டம் கிடையாது, தூக்கு, சுடு, அவ்வளவுதான். சோக் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் போதும்.

870-ஐ நான் சிபாரிசு செய்ய முக்கியக் காரணம் இந்த மாற்றும் வசதி. துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்து, ஆக்‌ஷனைப் பாதி திறந்து, மேகசின் மூடியைத் திருகிக் கழற்றி, பேரலை முன்னால் இழுத்தால் வந்துவிடும். விரல் விறைத்துப்போன டிசம்பர் காலையிலும் வண்டியின் பின்கதவில் வைத்து ஒரு நிமிஷத்தில் முடிக்கிறேன். மூடியைக் கழற்றும்போது மட்டும் உள்ளே பிளக் (கூடுதல் தோட்டா ஏறாமல் தடுக்கும் குச்சி) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் பிடிக்கக் கூடாது, வார்டன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பழைய பேரல் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பேரல் மேல் 3 அங்குல சேம்பர் என்று பொறித்திருக்கிறதா, நுனியில் சோக் திருகும் மரை இருக்கிறதா. மாற்ற முடியாத ஃபுல் (மிக இறுக்கமான) சோக் வைத்த பழைய பேரல்கள் மலிவாகக் கிடைக்கும், அவை ஈயக் குண்டுக்காகச் செய்தவை. குளத்தடியில் கிடக்கும் ஈயத்தைத் தின்று பறவைகள் விஷமேறிச் செத்ததால் 1991-இலிருந்து நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் கூடாது. ஸ்டீல் கடினமானது, இறுக்கமான பழைய சோக்கில் பெரிய ஸ்டீல் குண்டைச் சுட்டால் பேரலே கெட்டுவிடும்.

இன்னொன்று. நான் ஐந்தடி ஐந்து அங்குலம். குட்டையான ஆள் குட்டைப் பேரல் வாங்கு என்று எனக்கும் சொன்னார்கள். எனக்கு இடித்தது பேரல் இல்லை, பின்னால் இருக்கும் கட்டை. தடிமனான குளிர்கோட்டு போட்டதும் கட்டை அக்குளில் மாட்டிக்கொள்ளும், தோளுக்கு வருவதற்குள் வாத்து போய்விடும். அரை அங்குலம் குறைத்தேன், பிரச்சினை தீர்ந்தது. ஆகவே கடைக்குப் போகும்போது வேட்டைக்குப் போடும் கோட்டையே போட்டுக்கொண்டு போங்கள். காலித் துப்பாக்கியை ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் பிடித்து, கண்ணை மூடித் தோளுக்குத் தூக்கி, கண்ணைத் திறந்து பாருங்கள். பேரல் நுனியில் இருக்கும் குறிமணி நேராகக் கண்ணெதிரே நிற்கிறதா, கன்னம் கட்டையில் பதிகிறதா. நாலைந்து தரம் செய்தால் தெரிந்துவிடும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வயல், ஏரி, ஆற்றங்கரை என்று திறந்த இடத்தில் வேட்டையாடுகிறவர் 28 வாங்குங்கள். காட்டுத் தண்ணீரிலும் சின்னப் படகிலும்தான் பெரும்பாலும் இருப்பீர்கள் என்றால் 26. 30 அங்குலத்தை நான் இரண்டு நாள் இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். உயரப் பறக்கும் ஸ்னோ கூஸ் என்ற பெரிய வெள்ளை வாத்துக்கு ஆட்டம் அருமையாக இருந்தது, ஆனால் படகில் ஏறி இறங்கும்போது நுனி சேற்றில் குத்திவிட்டது. நுனியில் சேறு அடைத்திருப்பது தெரியாமல் சுட்டால் பேரல் பிளந்து கை போய்விடும். உடனே தோட்டாவை எடுத்து, பேரலைக் கழற்றி, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, துடைத்து மாட்டினேன்.

இப்போது என் துப்பாக்கியில் இருப்பது 28. ஜனவரியில் ஆறு ஏறி ஓக் காட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால் 26-ஐ மாட்டிவிடுவேன், அது எண்ணெய்த் துணியில் சுற்றி வண்டியிலேயே இருக்கிறது.