அவுட்பேக் போக எது சரி: கேரவனா, மோட்டார்ஹோமா, கேம்பரா?

ஆஸ்திரேலியாவின் தெற்கே குளிர் இறங்கத் தொடங்கியதும், தென்கரை ஊரான போர்ட் அகஸ்டாவைத் தாண்டி வடக்கே போகும் சாலையில் நரைத்த தலைகள் பெருகிவிடும். ஓய்வுபெற்ற கணவன் மனைவி, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடான ஒரு கேரவன். இங்கே இவர்களை கிரே நோமட்ஸ் என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரைதான் அவுட்பேக் என்று சொல்லும் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக்கு ஏற்ற காலம். அதற்குப் பிறகு நடுப்பகுதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், வடக்கில் மழைக்காலம் தொடங்கிவிடும். நானும் என் வீட்டுக்காரரும் கேரவன், மோட்டார்ஹோம், கேம்பர் என எல்லா வகை வண்டிகளிலும் போய்ப் பார்த்தவர்கள். அதனால் "எதை வாங்கலாம்?" என்று கேட்டுப் பலர் வருகிறார்கள்.

விற்பனைக் கூடத்தில் மெத்தையின் அகலத்தையும் வாஷிங் மெஷினையும்தான் காட்டுவார்கள். நான் முதலில் கேட்பது வேறு. இருவரில் ஒருவர் முடியாமல் படுத்துவிட்டால், மற்றவர் தனியாளாக அந்த வண்டியைக் கிளப்பிக்கொண்டு போக முடியுமா? அறுபதைத் தாண்டிய எந்தத் தம்பதிக்கும் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. இந்த ஒப்பீடு முழுவதையும் அதை வைத்துத்தான் செய்திருக்கிறேன்.

தூரத்தை நினைத்துப் பாருங்கள். போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை மட்டும் சுமார் 2,700 கிலோமீட்டர். அதில் கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் நடுவே ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. ஊரை விட்டு வெளியே வந்தால் கைபேசியில் சிக்னல் இருக்காது. 1928இல் ஜான் ஃபிளின் குளோன்கரியில் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் அவுட்பேக் மக்களின் உயிர்நாடி. ஆனாலும் விமானம் இறங்கும் இடம்வரை நோயாளியைக் கொண்டு சேர்க்கும் வேலை பல நேரம் கூட இருப்பவர் தலையில்தான் விழும்.

இந்தக் கணக்கில், வண்டியும் வீடும் ஒன்றாகவே இருக்கும் மோட்டார்ஹோமுக்குத்தான் முதல் மதிப்பெண். படுக்கையிலிருந்து எழுந்து நாலடி நடந்தால் ஓட்டுநர் இருக்கை. இருட்டில் கதவைத் திறந்து இறங்கவே வேண்டாம். சாவியைத் திருப்பினால் போதும். பின்னால் எதையும் இழுக்காததால் ரிவர்ஸ் எடுக்கவும் பயமில்லை. 4.5 டன்னுக்கு உட்பட்ட வண்டி என்றால் சாதாரண கார் லைசென்ஸே போதும். வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். அடிலெய்டில் எடுத்து டார்வினில் விட்டுவிட்டு விமானம் ஏறும் வசதியைச் சில கம்பெனிகள் தருகின்றன. ஒரு மாதப் பயணத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

குறை எங்கே வருகிறது என்றால், ஓரிடத்தில் தங்கும்போது. உளுரு என்ற பெரிய பாறை இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை, வெளியே இருக்கும் யூலாரா என்ற ஊரில்தான் தங்க வேண்டும். அங்கிருந்து பாறைக்குச் சுமார் 20 கிலோமீட்டர், கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகளுக்கு 50க்கு மேல். விடியலைப் பார்க்க ஒரு தடவை, அந்தி வெளிச்சத்தில் பாறை சிவப்பதைப் பார்க்க இன்னொரு தடவை போவீர்கள். ஒவ்வொரு தடவையும் கரண்ட் வயரைக் கழற்றி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, வெயில்மறைப்பை மடக்கி, அடுப்படியில் இருப்பதையெல்லாம் அலமாரியில் பூட்டி, வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டாம் நாளே அலுத்துவிடும். இன்னொன்று, வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை மண்சாலையில் ஓட்ட அனுமதிப்பதில்லை. மீறிப் போய் ஏதாவது ஆனால் காப்பீடு கைகொடுக்காது.

கேரவனின் பலம் சரியாக இந்த இடத்தில்தான். அதை நிழல் பார்த்து நிறுத்திவிட்டால் கார் நமக்கு விடுதலை. வடமேற்கில் டெர்பியிலோ குனுனுராவிலோ கேரவனை விட்டுவிட்டு, காரும் சின்னக் கூடாரமுமாக 660 கிலோமீட்டர் கிப் ரிவர் மண்சாலைக்குப் போய்வருகிறவர்கள் நிறைய. அவசரத்திலும் இது உதவும். கொக்கியைக் கழற்றி, கேரவனை அங்கேயே விட்டுவிட்டுக் காரில் பறக்கலாம். கேரவன் போனால் போகட்டும்.

ஆனால் மாட்டும் வேலையை இருவரும் கற்றிருக்க வேண்டும். நிறுத்தியபோது ஆடாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கால்களை ஏற்ற வேண்டும். கேரவனின் முன்னால் இருக்கும் ஜாக்கி வீலைச் சுற்றி முன்பக்கத்தைத் தூக்கி, காரைப் பின்னால் கொண்டுவந்து, விரல்கடை தூரம் பார்த்துக் காரின் ஹிட்ச் கொக்கியில் இறக்க வேண்டும். அப்புறம் இரண்டு சேஃப்டி செயினையும் குறுக்கே மாற்றி மாட்டி, அவற்றைப் பிடிக்கும் ஷாக்கிள் வளையத்தைத் திருக வேண்டும். கேரவன் தனியாகக் கழன்றால் தானே பிரேக் பிடிக்க வைக்கும் வயரைக் காரில் கோக்க வேண்டும். இரண்டு டன்னைத் தாண்டிய கேரவனுக்கு இது சட்டப்படி கட்டாயம். விளக்கு பிளக், ஹேண்ட்பிரேக், கடைசியாகச் சுற்றிவந்து ஒரு பார்வை. என் கை மூட்டுக்கு ஜாக்கி வீல் சுற்றுவது கடினம், அதனால் மோட்டார் வைத்ததை மாட்டிக்கொண்டோம். பின்பக்க கேமரா இருந்தால் ஹிட்சுக்கு நேராகக் காரைக் கொண்டுவருவது சுலபம். இது "ஆம்பளை வேலை" என்று ஒதுங்கிய பல பெண்களைக் கேரவன் பார்க்குகளில் பார்க்கிறேன். எனக்கு அது மிகவும் கவலை தரும் விஷயம்.

எடை விஷயத்தில் எந்தச் சலுகையும் கிடையாது. லேண்ட்குரூசர் மாதிரி வண்டிகள் 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் சொல்லும். அது பாதிக் கதை. காரும் கேரவனும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஜிசிஎம் என்ற இன்னொரு வரம்பு உண்டு. 6,000 கிலோ ஜிசிஎம் உள்ள யூட்டில் (பின்னால் சாமான் தட்டு உள்ள வண்டி) சாமான் ஏற்றி 3,200 கிலோ ஆக்கிவிட்டால், இழுக்க மிச்சம் 2,800தான். 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டை நிரப்பினால் அதுவே 190 கிலோ. வரம்பைத் தாண்டினால் விபத்துக்குப் பிறகு காப்பீட்டுப் பணம் மறுக்கப்படலாம்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கனமான சாமான் பின்கோடியில் இருந்தால் கேரவன் வால் ஆட்டத் தொடங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு ஹிட்சின் மேல் விழும்படி, கனத்தைச் சக்கர அச்சுக்கு அருகில் தாழ வைக்க வேண்டும். எதிரே 53.5 மீட்டர் நீள ரோடு டிரெயின், அதாவது பல டிரெய்லர்களை இழுக்கும் லாரி, வேகமாகக் கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், உடனே உள்ளே இழுக்கும். அந்த இரண்டு வினாடியில் சாமான் அடுக்கிய லட்சணம் தெரிந்துவிடும். யூஹெச்எஃப் ரேடியோவில் 40ஆம் சேனலை வைத்துக்கொண்டால் பின்னால் வரும் லாரி ஓட்டுநரோடும் பேசிக்கொள்ளலாம். "முந்திப் போங்கள், நான் வேகம் குறைக்கிறேன்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

காரின் பின்னால் இழுத்துப் போய்க் கூடாரமாக விரிக்கும் கேம்பர் டிரெய்லர் இவை எல்லாவற்றையும்விட மலிவு, இலகு. மண்சாலையில் சும்மா கூடவே வரும். இளம் குடும்பங்களுக்கு அருமை. எங்கள் வயதில் நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றடிக்கும் மாலையில் கேன்வாஸை விரித்துக் கம்பி கோக்கத் தோள் வேண்டும். பல மாடல்களில் கழிப்பறை கிடையாது. கழிப்பறையும் கழிவுநீர்த் தொட்டியும் உள்ள வண்டிகளை மட்டுமே அனுமதிக்கும் இலவசத் தங்குமிடங்கள் பல உண்டு. அங்கே இடம் கிடைக்காது. கார் கூரைமேல் விரிக்கும் கூடாரம் இன்னும் மோசம். இரவில் ஏணி இறங்க வேண்டும். ஆபத்து என்றால் கூடாரத்தை மடக்கும்வரை காரை நகர்த்தவே முடியாது.

கேரவனுக்கும் கேம்பர் டிரெய்லருக்கும் நடுவே ஹைப்ரிட் என்று ஒன்று வந்திருக்கிறது. கெட்டிச் சுவர், உயர்த்தும் கூரை, வெளியே இழுக்கும் அடுப்படி, எடை சுமார் இரண்டு டன். மரியிலிருந்து மார்லா வரை 620 கிலோமீட்டர் ஓடும் ஊட்னடாட்டா டிராக் என்ற மண்சாலையில் போக வேண்டும் என்ற ஆசை இருந்தால் இதைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பாதை அழகு. 1980இல் மூடிய பழைய கான் ரயில் தடத்தை ஒட்டியே போகும். கவர்ட் ஸ்பிரிங்ஸில் ஈச்சமர நிழலில் ஊற்றுக் குளியலும் உண்டு.

பெரிய கேரவனை அங்கே இழுத்துப் போனால் என்ன ஆகும்? வரிவரியாக விழுந்த மேடுபள்ளம் ஒவ்வொரு திருகையும் தளர்த்தும். ஓடும்போது உள்ளே காற்றழுத்தம் குறைவதால் சின்ன இடுக்கு கிடைத்தாலும் செம்மண் தூசி உள்ளே புகும். தலையணை, சீப்பு, மூடி சரியாகப் பூட்டாத அரிசி டப்பா எதையும் விடாது. கூரையில் காற்றை உள்ளே வாங்கி அழுத்தம் கூட்டும் மூடி வைத்தால் பாதி தீரும். டயரில் காற்றைக் குறைத்து மெதுவாகப் போவது இன்னொரு பாதி. மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம்.

உளுரு, கிங்ஸ் கேன்யன், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், மட்டரங்கா வெந்நீர் ஊற்று எல்லாவற்றுக்கும் தார்ச்சாலையிலேயே போகலாம். முதல் பயணத்துக்கு அதுவே தாராளம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கேரவனை இழுக்கும் டீசல் வண்டி 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டரைச் சாதாரணமாகக் குடிக்கும், எதிர்க்காற்று என்றால் இன்னும் கூடும். மோட்டார்ஹோம் அதைவிடக் குறைவு. உள்ளே போகப் போக டீசல் விலை ஏறும். புது ஆஃப்ரோடு கேரவன் சுலபமாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டும், இழுக்கும் கார் தனி. மோட்டார்ஹோம் அதற்கும் மேல்.

என் தீர்ப்பு இதுதான். ஒரே ஒரு பெரிய பயணம் என்றால் மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுங்கள். வருடா வருடம் போகிற எண்ணம் இருந்தால், கழிப்பறையுடன் கூடிய 16, 17 அடிக் கேரவன், பழையது ஆனாலும் பரவாயில்லை. 21 அடிக்கு ஆசைப்படாதீர்கள். ஒருவர் தனியாகச் சமாளிக்க அது பெரியது. மண்சாலை மேல் உயிர் என்றால் ஹைப்ரிட்.

வாங்குவதற்கு முன் விற்பவர் இடத்திலேயே மனைவியும் ஒரு தடவை தானே மாட்டி, ஓட்டி, ரிவர்ஸ் எடுத்து, கழற்றிப் பார்க்கட்டும். தயங்கினால் கேரவன் இழுப்பதற்கென்றே நடக்கும் ஒருநாள் பயிற்சிக்கு இருவரும் சேர்ந்து போங்கள். வாங்கிய பிறகு தண்ணீர், கேஸ், மளிகை, துணிமணி எல்லாம் ஏற்றி, நீங்கள் இருவரும் உட்கார்ந்த நிலையில் பொது எடைமேடையில் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். அந்தச் சீட்டைக் காரின் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.