காலையில் ஒரு மணி நேரமா, சாப்பிட்டதும் பத்து நிமிடமா?

கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 6.2 என்று வந்தபோது மருத்துவர் பதறவில்லை. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 ஆனால்தான் நீரிழிவு, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், நடங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்போது நடப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நடை என்றாலே விடியற்காலை என்றுதானே எல்லோரும் வைத்திருக்கிறோம்.

அப்படியே ஏழு மாதம் காலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். அப்புறம் அதை விட்டுவிட்டு, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்து நிமிட நடைக்கு மாறினேன். இப்போது ஓராண்டு ஆகிறது. நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை, இரண்டாவதன் பக்கம்தான்.

காலை நடையின் நன்மைகளை நீட்டி முழக்க வேண்டியதில்லை. இதயத்துக்கு நல்லது, எடை குறைய உதவும், மனம் தெளியும். ஒரு நல்ல நடைக்குப் பிறகு உடல் இன்சுலினுக்கு இணங்கி வேலை செய்யும் தன்மை ஒரு நாளைக்கு மேலும்கூட நீடிக்கும். ஒரே மூச்சில் முடித்துவிட்டால் அன்றைய கடன் தீர்ந்தது. இதெல்லாம் சரிதான்.

ஆனால் எனக்கு இருந்த சிக்கல் வேறு. வெறும் வயிற்றில் என் சர்க்கரை அளவு 105, 108 என்று ஓரளவு அடங்கியே இருந்தது. எகிறியது சாப்பிட்ட பிறகு, அதிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலை ஆறு மணிக்கு நடந்தது இரவு ஒன்பது மணி ஏற்றத்தை நேரடியாகப் பிடித்து இழுக்க முடியுமா? போதாக்குறைக்கு, சில நாள் நடை முடிந்து வந்து பார்த்தால் கிளம்பும்போது இருந்ததைவிட 10 புள்ளி கூடியிருக்கும். முதலில் குழம்பிப்போனேன். விடியும் நேரத்தில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் கல்லீரலைத் தட்டி எழுப்பிச் சர்க்கரையை வெளியே விடச் சொல்கின்றன, வேகமாக நடந்தாலும் கல்லீரல் அதையே செய்கிறது என்று பிறகுதான் புரிந்தது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனாலும் வியர்க்க விறுவிறுக்க வந்து மீட்டரைப் பார்ப்பவனுக்கு மனம் நோகத்தானே செய்யும்.

சாப்பிட்டபின் நடப்பதில் கணக்கு எளிது. மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறி, பெரும்பாலும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சியைத் தொடுகிறது. அந்த ஏற்றத்தின் போதே கால் தசைகளுக்கு வேலை கொடுத்தால், தசை சுருங்கும்போது குளுக்கோஸை உள்ளே இழுக்கும் வாயில்கள் இன்சுலின் வந்து தட்டாமலே திறக்கின்றன. இன்சுலின் மந்தமாக வேலை செய்யும் உடம்புக்கு இது கொல்லைப்புற வழி.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேர், இரண்டு வாரம் தினமும் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிடமும், இன்னொரு இரண்டு வாரம் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடமும் நடந்தார்கள். மொத்த நேரம் ஒன்றேதான். சாப்பிட்டபின் நடந்த நாட்களில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைவு. இரவு உணவுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 விழுக்காடு. சிறிய ஆய்வுதான். ஆனால் என் மீட்டரும் இதே பாட்டைத்தான் பாடியது.

எப்படிப் பார்த்தேன் என்றால், ஏழு இரவு நடந்தேன், ஏழு இரவு நடக்கவில்லை. பதினான்கு இரவும் ஒரே சாப்பாடு, எடை போட்டு அதே அளவு. முதல் வாய் வைத்ததிலிருந்து 90 நிமிடம் கழித்து விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினேன் (நடுவில் குத்தினால் மறுநாள் தட்டச்சு செய்யும்போது தெரியும்). நடக்காத இரவுகளில் 171 முதல் 186 வரை, நடந்த இரவுகளில் 139 முதல் 154 வரை. வீட்டு மீட்டர் 15 விழுக்காடு வரை முன்னே பின்னே காட்டலாம் என்பது அதற்குரிய தர விதியிலேயே உண்டு. ஆகவே ஒருநாள் வித்தியாசத்தை நம்பிக் குதிக்கக் கூடாது. ஆனால் ஏழுக்கு ஏழு, ஒரு வரிசை இன்னொன்றைத் தொடவே இல்லை.

இதைவிடவும் என்னை மாற்றியது தொடர்ந்து செய்ய முடிவதுதான். காலை நடைக்கு முந்தைய இரவே வேலை தொடங்கிவிடும். நேரத்தோடு படுக்க வேண்டும், மழை பெய்யக் கூடாது, காலுறை காய்ந்திருக்க வேண்டும், யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது. ஒரு காலை விட்டால் அன்றைய நாளே போச்சு. நடக்காத நாளுக்கு என் நாட்காட்டியில் பெருக்கல் குறி போடுவேன்: முதல் மாதம் நான்கே நான்கு, ஏழாவது மாதம் பதினேழு. தூக்கத்தை வெட்டிக்கொண்டு எழுந்து நடந்த நாட்களையும் நடந்ததாகச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. தூக்கம் குறைந்தாலும் இன்சுலினின் வேலை கெடும் என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

பத்து நிமிட நடைக்கு உடை மாற்ற வேண்டாம். மழை என்றால் வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பேன். கை கழுவியதும் கைப்பேசியில் மணி வைத்துவிடுவேன். ஒரு வேளை தவறினால் போவது மூன்றில் ஒன்று, மிச்சம் இரண்டு கையில் இருக்கிறது. வாரத்துக்கு 21 வேளை. என் பழைய குறிப்பேட்டில் 14க்குக் கீழே போன வாரங்கள் இரண்டே இரண்டு, இரண்டும் பயணத்தில். மதிய வேளைதான் உதைக்கும். அலுவலகத்தில் சாப்பிட்டதும் தாழ்வாரத்தில் அங்குமிங்கும் நடப்பவனை எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். கையில் ஒரு காகிதத்தோடு நடந்தால் யாரும் கேட்பதில்லை.

குறைகளும் உண்டு. வயிறு நிறைந்த பின் வேகமாக நடந்தால் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும், அதனால் என் நடை நிதானமானது. வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று சொல்கிறார்களே, மூச்சு சற்று வாங்க வேண்டிய அந்தக் கணக்கில் இந்த உலாத்தலைச் சேர்க்க எனக்குத் துணிவில்லை. காலை நடையில் மூன்று கிலோ குறைந்தேன், இதில் ஒன்றுகூடக் குறையவில்லை. வெறும் வயிற்று அளவும் பெரிதாக அசையவில்லை. எடையும் வெறும் வயிற்று அளவும்தான் உங்கள் சிக்கல் என்றால், காலை நடையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

மாவுச்சத்தை அறவே விடுவதுதான் மூன்றாவது வழி. அதையும் ஆறு வாரம் பார்த்தேன். எண்கள் அருமையாக இறங்கின. ஏழாவது வாரம் விட்டதையெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டேன். அதிலிருந்து மிஞ்சிய நல்ல பழக்கம் ஒன்று: தட்டில் முதலில் காய்கறி, பிறகு பருப்போ முட்டையோ, மாவுப் பண்டம் கடைசியில்.

நான் மாத்திரையோ இன்சுலினோ எடுத்ததில்லை. இன்சுலின் போடுபவர்களுக்கும், இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நடையால் அளவு 70க்குக் கீழே சரியலாம். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவதே சரி. காலில் மரத்துப்போதல் இருந்தால் வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும்.

போன மாதம் எடுத்த எச்பிஏ1சி 5.8. அது நடையால் மட்டும் வந்ததா என்றால் கை வைத்துச் சொல்ல முடியாது, அதே சமயத்தில் பழச்சாற்றை விட்டுவிட்டு முழுப் பழத்துக்கு மாறியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய காலை நடையை இன்னும் விடவில்லை. அன்று மீட்டரைத் தொடுவதில்லை.